தானே ஓடித் தானே நின்ற டிரில்லிங் மிஷின்

இந்தக் காலத்து ஜனங்களைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். ஒரு சாமான் வாங்கினால் பெட்டியைக் கிழிக்கிற அவசரம் இருக்கிறது, உள்ளே வைத்திருக்கிற தாளைப் படிக்கிற பொறுமை இல்லை. விரல் போனால் மிஷின் மேல் பழி, மிஷின் போனால் கடைக்காரன் மேல் பழி, ஒன்றுமே போகாவிட்டாலும் மாப்பிள்ளை மேல் பழி. 'நான்தான் செய்தேன்' என்று சொல்கிற வாயை இந்தப் பத்து வருஷத்தில் நான் பார்க்கவில்லை.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதுவும் பாதி. முப்பத்தெட்டு வருஷம் ஒரு பட்டறையின் சாமான் அறையில் கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்து, டோக்கனை வாங்கிக்கொண்டு துளை போடுகிற பிட்டும் ஸ்பேனரும் எடுத்துக் கொடுத்தவன். கொடுத்தது திரும்பி வராவிட்டால், யார் பொய் சொல்கிறான் என்று மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடித்தாக வேண்டும். ஓய்வுக்குப் பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. வாசலில் 'துப்பறிவாளர்' என்று போர்டு எழுதி மாட்டியவள் என் மருமகள். மத்தியானம் வரைக்கும் பல் டாக்டரிடம் உதவியாள், அதற்குப் பிறகு எனக்கு உதவியாள். அங்கே மற்றவர்கள் வாய் திறந்திருக்கும், இங்கே அவள் வாய் திறந்திருக்கும்.

அன்றைக்கு மூன்று மணிக்கு ஒரு பெண் போன் செய்தாள்.

"ஐயா, எங்கப்பா என் வீட்டுக்காரரக் கொலைகாரன்னு சொல்றாரு. அஞ்சு மணிக்குள்ள வீட்ட விட்டு வெளிய போகணுமாம். அவரு போனா நானும் போயிடுவேன். அப்புறம் இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன். யாரு செஞ்சதுன்னு நீங்கதான் வந்து சொல்லணும்."

"செத்தது யாரும்மா?"

"யாரும் சாகல. அப்பாதான் சாக இருந்தாரு. இப்ப டீ குடிச்சிக்கிட்டிருக்காரு."

மருமகள் ஸ்கூட்டரை எடுத்தாள். "வாங்க மாமா. பொணமே டீ குடிக்குதாம். இந்த மாதிரி கேசு திரும்பக் கெடைக்காது."

ஒரே சுவரை நடுவில் வைத்துக் கட்டிய இரட்டை வீடுகளில் இடது பக்கத்து வீடு அது. வாசலில் ஒரு பெட்டி, பெட்டி மேல் மாப்பிள்ளை. லிப்ட் ரிப்பேர் செய்கிறவர். நல்ல மனுஷன் மாதிரிதான் தெரிந்தார். அதனாலேயே எனக்குச் சந்தேகம்.

"உங்க மேல சந்தேகம் வர்ற மாதிரி மாமனார்கிட்ட என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"'இப்படியே வேல பாத்தீங்கன்னா இந்த டிரில்லிங் மிஷின் ஒரு நாள் உங்களத் தூக்கிடும்'னு சொன்னேன்."

"அது எச்சரிக்கையா, மிரட்டலா?"

"அக்கறைங்க."

"மாமா," என்றாள் மருமகள் என் காதருகில், "அக்கறைன்னு சொல்றவங்கள நீங்க ஜெயிலுக்கே அனுப்புவீங்களே."

உள்ளே போகிற வழியில் நான் ஒரு அடுப்பில் தடுக்கி விழப் பார்த்தேன். நடைபாதை நடுவில் அடுப்பு, அதன் மேல் ஒரு குட்டி குக்கர்.

"பாத்துண்ணே!" என்று ஓடி வந்தார் வீட்டம்மா. "சமையல்கட்டுல கொழா ஒடஞ்சு தண்ணி நிக்குது. காலையிலதான் அடுப்ப இங்க இழுத்துப் போட்டேன்."

காலை நீவிக்கொண்டே பக்கத்து அறைக்குள் போனேன். அதுதான் 'பட்டறை'. நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு சிவப்பு டிரில்லிங் மிஷின். தரையோடு போல்ட் போட்டு இறுக்கவில்லை. ஒரு மூலையில் பழைய டெலிபோன் புத்தகத்தை முட்டுக் கொடுத்திருந்தார்கள். மிஷினின் கம்பத்தில் முதுகைச் சாய்த்தபடி டீயோடு நின்றிருந்தார் மாமனார். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். தலையில் காக்கித் தொப்பி, கழுத்தில் மப்ளர், மப்ளருக்குள்ளிருந்து கயிற்றில் தொங்குகிற விசில், கையில் கம்பளி உறை.

"குளிருதுங்களா?" என்றாள் மருமகள்.

"பாதுகாப்பும்மா."

நான் ஸ்டூலைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். "நடந்தத சொல்லுங்க. கூட்டாம, கொறைக்காம."

"காலையில பதினொண்ணு இருபது. உள்பக்கம் தாழ்ப்பா போட்டுக்கிட்டுத் தனியா இருந்தேன். பிட்ட மாத்தி, சாவியப் போட்டு இறுக்கினேன். பலகைய எடுக்கத் திரும்புறேன், மிஷின் தானா ஓடுது! சாவி பறந்து வந்து தொப்பியத் தட்டிட்டு, அதோ, அந்தக் கடிகாரத்துல அடிச்சுது."

இந்த மிஷினில் பிட்டைக் கவ்விப் பிடிக்கிற வாய்க்குப் பெயர் சக்கு. அதை இறுக்க ஒரு சின்னச் சாவி உண்டு. இறுக்கின கையோடு சாவியை உருவி, அதன் ஆணியில் மாட்டிய பிறகுதான் சுவிட்ச் பக்கமே போக வேண்டும். மறந்தால் சாவி தோட்டா மாதிரி கிளம்பும். எங்கள் பட்டறையில் ஒருவனுக்கு இரண்டு பல் போயிருக்கிறது.

"அப்புறம்?"

"அப்புறம் அர நிமிஷத்துல தானா நின்னுடுச்சு."

"தானா ஓடி, தானா நின்னுச்சா?"

"சத்தியமா!"

சத்தியம் என்கிற வார்த்தை காதில் விழுந்ததும் நான் பென்சிலை எடுத்துவிடுவேன். எழுத்துக் கூட்டி எழுத நேரமாகும், ஆனால் எழுதிவிடுவேன்.

மருமகள் கடிகாரத்தின் முன்னால் நின்றாள். கண்ணாடி சிதறி, முள் சரியாகப் பதினொன்று இருபதில் நின்றிருந்தது. "மாமா, கொல முயற்சி நடந்த நேரம் அப்படியே பதிஞ்சிருக்கு! துப்பறியும் கதையில வர்ற மாதிரியே!"

வாசலிலிருந்து வீட்டம்மா குரல் கொடுத்தார். "அது போன வருஷமே நின்னு போச்சும்மா. பேட்டரி போடுங்கன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு."

கண்டக்டர் டீயைப் பார்த்தார். நான் பென்சிலால் ஒரு கோடு போட்டேன்.

"மாப்பிள்ள மேல என்ன ஆதாரம்?"

"ஆதாரமா?" கண்டக்டர் சுவரைக் காட்டினார். "கொலத் திட்டத்த அவன் கைப்பட எழுதி ஒட்டிட்டே போயிருக்கான், பாருங்க."

சுவரில் ஒரு தாள். மருமகள் சத்தமாகப் படித்தாள். கையுறை போட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள், சுற்றி இழுத்துவிடும். கழுத்தில் எதுவும் தொங்கக் கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். பலகையைக் கையால் பிடிக்காதீர்கள், வைஸ் இடுக்கியில் கவ்வ வையுங்கள். சாவியை எடுத்த பிறகே சுவிட்ச் போடுங்கள்.

"கடைசி வரியப் பாத்தீங்களா? சாவின்னு எழுதியிருக்கான். நாலு நாள்ல சாவி பறக்குது! அவனுக்கு எப்படி முன்கூட்டியே தெரிஞ்சுது?"

"அப்ப கையுறை, மப்ளரு எல்லாம்?" என்றாள் மருமகள். "அவரே வந்து மாட்டி விட்டாரா?"

"அவன் சொன்னத நான் எதுக்குக் கேக்கணும்? போடாதன்னு எழுதினான், போட்டேன்."

மருமகள் என் பக்கம் திரும்பினாள். "மாமா, இவரக் கொல பண்ணணும்னா 'செத்துப் போகாதீங்க'ன்னு ஒரு சீட்டு எழுதி ஒட்டினாப் போதும்."

மாப்பிள்ளையை உள்ளே கூப்பிட்டேன். அவர் வாசற்படி தாண்டவில்லை.

"இந்த மிஷினை யாரு பாத்து வாங்கினது?"

"நான் சொன்னது வேறங்க. ரெண்டு பலகை, நாலு கதவு கீலு, அதுக்கு மேஜ மேல வைக்கிற சின்னதே போதும்னேன். கடையில வெறும் மிஷின ஓட்டிப் பாருங்க, சக்கு ஆடுதான்னு பாருங்க, பலகை வைக்கிற தட்டு நேரா நிக்குதா, நிறுத்துற சுவிட்சு கைக்கு எட்டுதா, அதையெல்லாம் பாருங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். மாமா நேரா போயிக் கம்பத்துல முதுகச் சாச்சுப் பாத்தாரு. 'பஸ்சு கம்பி மாதிரியே இருக்கு, இதக் குடு'ன்னுட்டாரு."

"முப்பது வருஷம் சாஞ்ச முதுகு," என்றார் கண்டக்டர், தப்பே இல்லாத குரலில்.

"பெரிய பிட்டுக்கு மெதுவா, சின்ன பிட்டுக்கு வேகமா ஓடணும், அதுக்குப் பெல்ட்ட மாத்திப் போடணும்னு சொன்னேன்," என்றார் மாப்பிள்ளை. "இன்னிக்கு வரைக்கும் மாத்தல. எல்லாமே எக்ஸ்பிரஸ்தான்."

இரண்டு பேர் சொன்னதையும் நான் நம்பவில்லை. மிஷினைத்தான் விசாரிக்க வேண்டும். முதலில் பிளக்கைப் பிடுங்கலாம் என்று ஒயரைத் தேடினேன். ஆனால் அதற்கு முன்னால் கண்ணில் பட்டது சுவிட்ச். 'ஓடு' என்கிற பக்கம் அமுக்கி, மேலே டேப் சுற்றி ஒட்டியிருந்தது. டேப்பின் மேல் விரல் கனத்துக்கு மரத்தூள். பல மாசமாக யாரும் அதைத் தொடவில்லை.

அப்படியானால் இந்த மிஷின் எங்கிருந்து ஓடுகிறது?

ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். அலமாரிக்குப் பின்னால் போனது. அலமாரியை நகர்த்தினோம். சுவரில் அச்சு வைத்த மாதிரி வட்டமாக ஒரு ஓட்டை. ஒயர் அதற்குள் போய் மறைந்திருந்தது. அந்தப் பக்கம் அடுத்த வீடு.

"இது என்ன?"

"எலி," என்றார் கண்டக்டர்.

மருமகள் குனிந்து பார்த்தாள். "நல்ல எலிங்க. பன்னண்டு எம்எம் பிட்டு வச்சிருக்கு."

"பக்கத்து வீட்டுல யாரு?" என்று கேட்டேன்.

கண்டக்டர் மப்ளரை இறுக்கிக்கொண்டார். வீட்டம்மாதான் மெதுவாகச் சொன்னார். "இவரு ஓடின பஸ்சோட டிரைவருண்ணே. ரெண்டு பேரும் ஒரே வண்டி. ஒம்பது வருஷமா பேச்சுவார்த்த கெடையாது. அந்த வீட்டுப் பேச்சையே எடுக்கக் கூடாதுன்னு இவரு உத்தரவு."

மருமகள் மிஷினைச் சுற்றி வந்தாள். இடது கையால் பலகையைப் பிடிப்பது போலவும், வலது கையால் பிட்டை இறக்குகிற கைப்பிடியை இழுப்பது போலவும் செய்து பார்த்தாள். பிறகு நின்றாள்.

"மாமா, எங்க டாக்டரு பல்லத் தொளைக்கும்போது மிஷினக் காலால அமுக்குவாரு. தொளைக்கிற கையும் அமுக்குற காலும் ஒரே ஆளோடது. நான் பக்கத்துலயே நின்னாலும் என்ன அமுக்க விட மாட்டாரு. விட்டா பல்லுக்குப் பதிலா மூக்குல ஓட்ட விழும். இங்க பாருங்க, வைஸ் இல்ல. ஒரு கை பலகையில, ஒரு கை கைப்பிடியில. சுவிட்சு போட இவருக்கு மூணாவது கை வேணும்."

மூன்றாவது கை. நான் கண்டக்டரின் கழுத்தைப் பார்த்தேன். கழுத்தில் விசில். ஒரு விசில் கொடுத்தால் வண்டி நிற்கும். இரண்டு கொடுத்தால் கிளம்பும். அடுப்பில் தடுக்கின என் கால் குக்கரை ஞாபகப்படுத்தியது.

"ஏம்மா," என்று வீட்டம்மாவைக் கேட்டேன், "காலையில குக்கர்ல என்ன வச்சீங்க?"

"உருளக்கெழங்குண்ணே."

"எத்தன விசில்?"

"மூணு. இது எம்பொண்ணோட குட்டி குக்கரு. முதல் ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணா கத்தும். மூணாவதுக்குத்தான் கொஞ்சம் மூச்சு வாங்கும்."

"மறுபடி வைங்க."

"திரும்பவும் கெழங்கா?"

"வெறும் தண்ணியே போதும்."

சக்கிலிருந்து பிட்டைக் கழற்றினேன். பிட்டையும் சாவியையும் என் சட்டைப் பையில் போட்டேன். எல்லோரையும் கதவுக்கு வெளியே நிறுத்தினேன். கண்டக்டரின் விசிலை வாங்கி மருமகளிடம் கொடுத்தேன். மணி நாலே முக்கால். மாப்பிள்ளை பெட்டியின் கைப்பிடியை விடாமல் நின்றிருந்தார். அவர் மனைவி அவர் சட்டையை விடாமல் நின்றிருந்தாள்.

குக்கர் முதலில் சீறியது. பிறகு, 'ஸ்ஸ்ஸ்'. உடனே மறுபடி, 'ஸ்ஸ்ஸ்'.

சிவப்பு மிஷின் உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. வெறும் சக்கு காற்றில் சுற்றியது. வீட்டம்மா வாயைப் பொத்திக்கொண்டார். நான் மூச்சு விட்டு எண்ணினேன். இருபத்தெட்டு எண்ணும்போது குக்கர் மூன்றாவது தடவை கத்தியது.

மிஷின் நின்றது.

"கொலகாரி அகப்பட்டுட்டா மாமா," என்றாள் மருமகள். "அதோ பாருங்க, அடுப்பு மேல உக்காந்திருக்கா."

எல்லோரும் அடுத்த வீட்டுக்குப் போனோம். கதவு திறந்தே இருந்தது. சுவரை ஒட்டி ஒரு பழைய பஸ் சீட்டு. அதில் ஒரு கிழவர், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஜன்னல் வழியாகத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை ஒரு சுவிட்சின் மேல். காலடியில், சுவரோட்டையிலிருந்து வருகிற ஒயர்.

"இப்ப மிஷின ஓட விட்டது நீங்களா?" என்று கேட்டேன்.

"ரெண்டு விசில் வந்துது, எடுத்தேன். ஒண்ணு வந்துது, நிறுத்தினேன்," என்றார் திரும்பாமல்.

"காலையிலயும்?"

"காலையிலயும்."

"சாவி பறந்து கடிகாரம் ஒடஞ்ச சத்தம் கேக்கலையா?"

"கேட்டுது. சத்தம் கேக்காத பஸ்சு எது? பின்னாடி நடக்குறதுக்குக் கண்டக்டரு பொறுப்பு. நான் திரும்பிப் பாக்குறதில்ல."

கண்டக்டர் தரையைப் பார்த்தபடி என்னிடம் சொன்னார், டிரைவரிடம் இல்லை. "அலமாரி மாட்டலாம்னு கை மிஷின் ஒண்ண எரவல் வாங்கிச் செவுத்துல ஓட்ட போட்டேன். அந்தப் பக்கம் போயிடுச்சு. ஓட்டையில பாத்தா, இவன் கண்ணு. ரெண்டு பேரும் பேசல. மறுநாளு அதே ஓட்ட வழியா ஒரு ஒயரு வந்துது. மாட்டினேன். விசில் குடுத்தேன். மிஷின் ஓடுச்சு. பேசினாத்தான தப்பு? விசில் குடுத்தா என்ன?"

"அப்ப காலையில சுவிட்சு போட்டது இவருன்னு உங்களுக்கு அப்பவே தெரியும்," என்றேன்.

அவர் கை கழுத்தில் இல்லாத விசிலைத் தேடியது.

"தெரிஞ்சும் மாப்பிள்ளையக் கொலகாரன்னு சொன்னீங்க. ஏன்னா, இவரோட சேந்து வேல பாக்குறது வெளிய தெரியக் கூடாது."

மகள் அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சாவி பறந்திருந்தால் இன்னொரு கடிகாரம் போயிருக்கும்.

"அப்படி என்னங்க சண்ட ஒங்களுக்கு?" என்றாள் மருமகள்.

"அவனக் கேளும்மா," என்றார் கண்டக்டர். "கடைசி நாளு, கடைசி டிரிப்பு. நான் எறங்கி டீ குடிக்கிறேன். என்ன விட்டுட்டு வண்டிய எடுத்துட்டுப் போயிட்டான். பதினோரு கிலோமீட்டரு நடந்தேன்."

"அவன்கிட்ட சொல்லும்மா," என்றார் டிரைவர் ஜன்னலிடம், "ரெண்டு விசில் கேக்காம நான் என்னிக்கும் எடுத்ததில்லன்னு."

"நான் ஊதவே இல்லன்னு சொல்லு!"

மருமகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எங்க நின்னு டீ குடிச்சீங்க?"

"கேன்டீன்ல."

"கேன்டீன்ல சமையல் உண்டா?"

டிரைவர் திரும்பினார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகப் பின்னால் பார்த்தார் என்று வீட்டம்மா பிறகு சொன்னார். கண்டக்டரும் அவரைப் பார்த்தார். இரண்டு பேர் வாயும் திறந்தபடியே இருந்தது. பல் டாக்டர் இருந்திருந்தால் நிறைய வேலை பார்த்திருக்கலாம்.

"குக்கரு," என்றார் ஒருவர்.

"குக்கருதான்டா," என்றார் இன்னொருவர்.

எனக்கு ஒப்பவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முந்தின குக்கரை யார் போய் விசாரிக்கிறது? ஊதிவிட்டு மறந்தானோ, ஊதாததைக் கேட்டானோ, எவன் கண்டான். ஆனால் இரண்டு கிழவர்களும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சாட்சி இல்லாத வழக்கை அவர்களே முடித்துக்கொண்டார்கள்.

அப்போது தெருவில் பெட்டியின் சக்கரம் உருளுகிற சத்தம் கேட்டது. மணி ஐந்து. மாமனார் சொன்ன நேரத்துக்கு மாப்பிள்ளை கிளம்பிவிட்டார். மகள் ஒரு வார்த்தை பேசாமல் அவருக்குப் பின்னால் போனாள்.

கண்டக்டர் வாசலுக்கு ஓடினார். வாயைத் திறந்தார். தாடை அசைந்தது, சத்தம் வரவில்லை. மன்னிப்புக் கேட்டுப் பழகாத வாய். வீட்டம்மா அவர் முதுகில் கை வைத்துத் தள்ளினார். "சொல்லித் தொலைங்களேன்!"

அவர் மருமகளிடமிருந்து விசிலைப் பிடுங்கி ஒரே ஒரு தடவை ஊதினார்.

உள்ளே டிரைவரின் கை தன்னால் சுவிட்சுக்குப் போனது. தெருவில் மாப்பிள்ளையின் கால் தன்னால் நின்றது. இத்தனை வருஷம் அந்த வீட்டில் இருந்தவருக்கு அந்த விசிலின் அர்த்தம் தெரியாமல் இருக்குமா. அவர் திரும்பவில்லை. மகள்தான் பெட்டியை வாங்கி வீட்டுப் பக்கம் திருப்பினாள்.

"அப்பா, அந்தச் சீட்டுல இருக்கிறதெல்லாம் இனிமே கேப்பீங்களா?"

"கேக்குறேன்."

"மப்ளரு?"

கழற்றினார். கையுறையையும் கழற்றினார்.

நான் என் பங்குக்குச் சொன்னேன். "சுவிட்சு மிஷின்லயே இருக்கட்டும். கைப்பிடியப் பிடிக்கிறவன் கைதான் சுவிட்சுலயும் இருக்கணும். ஒரு வைஸ் வாங்கினா மூணாவது கையே வேண்டாம். தரையோட போல்ட் போடுங்க, டெலிபோன் புத்தகத்த எடுத்துப் படிங்க."

"செஞ்சுடுறோங்க," என்று எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ரொம்ப வேகமாக ஆட்டினார்கள். முப்பத்தெட்டு வருஷம் கம்பி வலைக்குப் பின்னாலிருந்து பார்த்த தலையாட்டல் அது. சாயங்காலம் திருப்பிக் கொடுக்கிறேன் என்றவன் எவனும் கொடுத்ததில்லை.

"வைஸ் வாங்கிட்டு வந்து காட்டுங்க. அது வரைக்கும் சாவியும் பிட்டும் என்கிட்ட இருக்கும்," என்றேன்.

"நாளைக்கே காட்டுறேன், சத்தியமா!" என்றார் கண்டக்டர்.

பென்சிலை எடுத்து அதையும் எழுதிக்கொண்டேன்.

தெருவில் மருமகள் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டிருந்தாள். "மாமா, இன்னிக்கு நான் சொன்ன பல்லு பாயிண்டுதான் கேச முடிச்சுது. தொளைக்கிறவனும் ஓட்டுறவனும் ஒருத்தர ஒருத்தர் பாக்காம வேல செஞ்சா இப்படித்தான் ஆகும். ஏறுங்க."

நான் பென்சிலைப் பையில் செருகிக்கொண்டிருந்தேன். ஒரு காலைத் தூக்கியிருப்பேன்.

வீட்டுக்குள்ளிருந்து இரண்டு விசில் வந்தது.

ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது. மருமகள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே, பின்னால் திரும்பாமல், தெருமுனையில் வளைந்து போனாள். ஊதியது குக்கரா, கண்டக்டரா, தெரியவில்லை. மூன்றாவது விசில் வருகிறதா என்று கொஞ்சம் நின்று பார்த்தேன். வரவில்லை.

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். சாவி இருந்தது, பிட்டும் இருந்தது. அப்படியும் அந்த வீட்டு மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. நடந்தேன்.